பூண்டு மாத்திரை மூணு டப்பா முடிச்சாச்சு: எது தேறுச்சு, எது தேறல

எட்டு மாசம் முன்னாடி ஒரு செக்கப்ல எனக்கு பிபி 138க்கு 88னு வந்துச்சு. டாக்டர் பாத்துட்டு "இப்பவே மாத்திரை வேணாம்மா, உப்பைக் குறைங்க, தினமும் நடங்க, மூணு மாசம் கழிச்சு வாங்க பாப்போம்"னு சொல்லி அனுப்பிட்டாங்க. மறுநாள் ஆபீஸ்ல இதைச் சொன்னப்ப பக்கத்து சீட்டுப் பொண்ணு "அக்கா, பூண்டு மாத்திரை போடுங்கக்கா, பிபி, கொலஸ்ட்ரால், சளி எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும், இயற்கையானதுதானே, ஒண்ணும் பண்ணாது"ன்னா. அந்த "ஒண்ணும் பண்ணாது"தான் என்னைக் கடைக்கு இழுத்துட்டுப் போச்சு. இப்ப எட்டு மாசம் ஆச்சு, மூணு டப்பா, மூணும் மூணு ரகம், ஒவ்வொண்ணையும் முழுசா சாப்பிட்டு முடிச்சுட்டுதான் எழுதறேன். கம்பெனி பேரு எதுவும் போடல, ஏன்னா பிரச்சனை ஒரு கம்பெனியோடது இல்ல, டப்பா மேல எழுதற விதம் எல்லாத்துலயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கு, அதைப் படிக்கத் தெரிஞ்சா எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தாலும் நீங்களே எடை போட்டுடலாம்.

முதல் டப்பா எண்ணெய் கேப்சூல், அதான் மஞ்சளா, வழவழன்னு, மீன் எண்ணெய் மாத்திரை மாதிரியே இருக்குமே அது. முன்னாடி பெருசா "வாசனை இல்லாதது"ன்னு போட்டிருந்துச்சு, அதுக்குக் கீழ "1000 மில்லிகிராம் பூண்டுக்குச் சமம்"னு. ஆயிரம்னு பாத்ததும் நல்ல ஸ்ட்ராங்கான சரக்குன்னு நினைச்சுட்டேன். ரெண்டு மாசம் தினமும் ஒண்ணு. அப்புறம் ஒரு நாள் சமையல்கட்டுல தராசு இருந்துச்சு, சும்மா ஒரு பூண்டுப் பல்லை உரிச்சு அதுல வச்சுப் பாத்தா 4 கிராம் காட்டுது. 4 கிராம்னா 4000 மில்லிகிராம். அப்ப 1000 மில்லிகிராம்ங்கிறது ஒரு பல்லுல கால் பங்கு! ரெண்டு மாசமா நான் தினமும் கால் பல் பூண்டு சாப்பிட்டுட்டுதான் பெரிய வைத்தியம் பண்றதா நினைச்சுட்டு இருந்திருக்கேன். உலக சுகாதார நிறுவனம் 1999ல வெளியிட்ட மூலிகைத் தொகுப்புல ஒரு நாளைக்குப் பச்சைப் பூண்டுன்னா 2லேந்து 5 கிராம், காய வச்ச பொடின்னா 0.4லேந்து 1.2 கிராம்னு அளவு போட்டிருக்காங்க. அதை வச்சுப் பாத்தா என் டப்பா சொல்ற கணக்குப்படியே குறைஞ்சபட்ச அளவுல பாதிதான் வருது. டப்பா பொய் சொல்லல, ஆனா "சமம்"ங்கிற வார்த்தைக்குப் பக்கத்துல இருக்கற நம்பரை மில்லிகிராம்ல போட்டா பெருசா தெரியும், கிராம்ல போட்டா சின்னதா தெரியும், அவ்ளோதான் விஷயம். டப்பா வாங்கறப்ப மனசுல மூணு சைபரை அடிச்சுட்டுப் படிங்க.

அந்த ரெண்டு மாசத்துல எனக்கு நடந்தது என்னன்னா, மாத்திரை போட்டு அரை மணி நேரத்துல பூண்டு வாசனையோட ஒரு ஏப்பம் வரும், அவ்ளோதான், அப்புறம் ஒண்ணுமே தெரியாது. வாய் நாறாது, வேர்வை நாறாது. அப்ப எனக்கு அது பெரிய நிம்மதியா இருந்துச்சு, ஆபீஸ்ல நிம்மதியா பேசலாமேன்னு. இப்ப யோசிச்சா அந்த வாசனை வராததுதான் எனக்குக் கிடைச்ச முதல் தடயம்.

இதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லியே ஆகணும், ஏன்னா இது புரியாம பூண்டு மாத்திரை வாங்கறது கண்ணைக் கட்டிட்டு வாங்கறதுதான். முழுப் பூண்டை மோந்து பாருங்க, பெருசா வாசனையே இருக்காது. நசுக்கினாத்தான் வரும். ஏன்னா உள்ள அலீன்னு ஒரு பொருள் தனியா இருக்கு, அலீனேஸ்னு ஒரு நொதி தனியா இருக்கு, ரெண்டும் பூண்டுக்குள்ள வேற வேற அறையில அடைஞ்சு கிடக்கு. வெட்டினா, நசுக்கினா, கடிச்சா, சுவர் உடைஞ்சு ரெண்டும் சேருது, சேந்த சில நொடியிலேயே அலிசின்னு புதுசா ஒண்ணு உண்டாகுது. கண்ணு எரியற அந்தக் காரமும் வாசனையும் இதுதான். 1944ல கவாலிட்டோ, பெய்லின்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல இதைப் பிரிச்சு எடுத்து இது பாக்டீரியாவைக் கொல்லுதுன்னு காட்டினாங்க, பூண்டைப் பத்தின ஆராய்ச்சி பெருசா சூடு பிடிச்சதே அதுக்கப்புறம்தான். ஆனா அலிசின் ரொம்ப நேரம் அலிசினா இருக்காது, உடைஞ்சு உடைஞ்சு வேற வேற கந்தகப் பொருளா மாறிட்டே இருக்கும். அதனால மாத்திரைக்குள்ள அலிசினை அப்படியே அடைச்சு விக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. கம்பெனிங்க என்ன பண்றாங்கன்னா, பூண்டைப் பதமா காயவச்சுப் பொடியாக்கி, அலீனும் அந்த நொதியும் சாகாம வச்சு மாத்திரையா அழுத்திடறாங்க, வயித்துக்குள்ள ஈரம் பட்டதும் அங்க அலிசின் உண்டாகும்ங்கிற நம்பிக்கையில. இதுல ஒரு சிக்கல் இருக்கு. வயித்துல இருக்கற அமிலம் அந்த நொதியை முடக்கிப் போட்டுடும். அதுக்காகத்தான் வயித்துல கரையாம குடலுக்குப் போய்க் கரையற மாதிரி மேல ஒரு பூச்சு பூசறாங்க, என்டெரிக் கோட்டிங்னு லேபிள்ல இருக்கும்.

எண்ணெய் கேப்சூல் கதை வேற. பூண்டை ஆவியில காய்ச்சி எண்ணெய் எடுக்கறப்பவே அலிசின் எல்லாம் மாறிப்போயிடும், மிச்சம் இருக்கறது அதோட வாரிசுங்கதான். அதுக்குப் பலனே இல்லன்னு சொல்ல வரல, ஆனா 1998ல கொலஸ்ட்ரால் அதிகமா இருந்த 25 பேருக்கு இந்த மாதிரி காய்ச்சி எடுத்த எண்ணெயை 12 வாரம் குடுத்துப் பாத்தாங்க, கொலஸ்ட்ரால்ல ஒரு மாத்தமும் இல்ல. முதல் டப்பாவுக்கு என் மார்க் அஞ்சுக்கு ஒண்ணரை. அந்த ஒண்ணரையும் வயித்தைக் கெடுக்காம இருந்ததுக்காக.

ரெண்டாவது டப்பா இதெல்லாம் படிச்சுட்டு வாங்கினது. பூச்சு பூசின பொடி மாத்திரை, பின்னாடி "அலிசின் ஈல்டு 5 மில்லிகிராம்"னு, அதாவது இவ்ளோ அலிசின் உண்டாகும்னு, போட்டிருந்துச்சு. இங்க இன்னொரு விஷயம். சில டப்பாவுல ஈல்டுன்னு இருக்காது, "அலிசின் பொட்டென்ஷியல்"னு இருக்கும். பொட்டென்ஷியல்னா, உள்ள இருக்கற அலீன் மொத்தமும் எந்தத் தடையும் இல்லாம மாறினா இவ்ளோ வரும்ங்கிற கணக்கு. நிஜமா வயித்துல என்ன வரும்ங்கிறது வேற. 2001ல லாசன்னு ஒரு ஆராய்ச்சியாளர் கடையில கிடைச்ச 24 பிராண்டு பூச்சு மாத்திரையை வாங்கி, வயிறு குடல் மாதிரியே ஒரு சூழலை உண்டாக்கி அதுல போட்டுப் பாத்தாரு. 100க்கு 83 பிராண்டு, தன்கிட்ட இருக்கற பொட்டென்ஷியல்ல 15 சதவீதம் கூட அலிசினா விடல. அதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே கோவம் வந்துச்சு. உடம்புக்குப் பயந்து வாங்கறவங்க, வயசானவங்க, டாக்டர்கிட்ட அடிக்கடி போக முடியாதவங்கதான் இதை நிறைய வாங்கறாங்க. அவங்க டப்பா மேல இருக்கற நம்பரை நம்பித்தானே வாங்கறாங்க, பொடி வயித்துல போய் என்ன ஆச்சுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு, வீட்லயே பண்ணலாம். ஒரு மாத்திரையை எடுத்து கல்லுல தட்டிப் பொடியாக்கி ரெண்டு ஸ்பூன் தண்ணி விட்டு ஒரு நிமிஷம் வச்சு மோந்து பாருங்க. காஞ்ச பொடியா இருந்தப்ப இருந்ததை விட, தண்ணி பட்டதும் குப்புன்னு பச்சைப் பூண்டு வாசனை ஏறணும். ஏறுச்சுன்னா நொதி உயிரோட இருக்குன்னு அர்த்தம். என் ரெண்டாவது டப்பா இதுல பாஸ் ஆச்சு, அடுப்படியே மணந்துச்சு. ஆனா நொதி உயிரோட இருக்கறது பாதிக் கணக்குதான், பூச்சு சரியான இடத்துல கரையணும் இல்லையா, அதுக்கு மூச்சைத்தான் பாக்கணும். மாத்திரை போட்ட ராத்திரி என் வீட்டுக்காரர் "என்ன இன்னிக்கு இவ்ளோ பூண்டு வாசனை வருது உங்கிட்ட"ன்னு கேட்டாரு. பல்லு தேச்சுட்டுத்தான் படுத்திருந்தேன். அது வாயில இருந்து வர்ற வாசனை இல்ல. அலிசின் உள்ள போனதும் உடம்பு அதை மாத்தி அலைல் மெத்தில் சல்ஃபைடுன்னு ஒண்ணா ஆக்குது, அது ரத்தத்துல கலந்து நுரையீரல் வழியா மூச்சுல வருது, வேர்வையிலயும் வருது, பல்லு தேச்சாலும் மவுத்வாஷ் போட்டாலும் போகாது, சில பேருக்கு அடுத்த நாள் வரைக்கும் இருக்கும். அதே லாசன் 2018ல பண்ணின இன்னொரு ஆராய்ச்சியில, பூண்டு மாத்திரை எவ்ளோ வேலை செய்யுதுன்னு அளந்ததே இந்த மூச்சு வாசனையை வச்சுத்தான். என்னைப் பொறுத்தவரை இதுதான் மொத்த விஷயமும்: அலிசின் வேணும்னு வாங்கற மாத்திரையில வாசனை ஒரு குறை இல்ல, அது ரசீது. "வாசனை இல்லாதது"ன்னு பெருமையா போட்டு விக்கறாங்கன்னா, நீங்க எதுக்குக் காசு குடுக்கறீங்களோ அதையே எடுத்துட்டேன்னு சொல்லிட்டு விக்கறாங்க. இதுக்கு ஒரே விதிவிலக்கு மூணாவது டப்பா, அதுக்கு வரேன்.

அந்த 2018 ஆராய்ச்சியில எனக்கு ரொம்ப உபயோகமா இருந்த ஒரு விஷயம், பச்சையா நசுக்கின பூண்டை 100னு வச்சா, பூச்சு மாத்திரைங்க பிராண்டுக்கு பிராண்டு 36லேந்து 104 சதவீதம் வரைக்கும் வேலை செஞ்சிருக்கு, அதாவது நல்லதும் இருக்கு மோசமும் இருக்கு, ஆனா அதே மாத்திரையை புரதம் நிறைய இருக்கற சாப்பாட்டோட போட்டா 22லேந்து 57க்கு இறங்கிடுச்சு. பூச்சே இல்லாத சாதா மாத்திரைங்க என்ன சாப்பிட்டாலும் 80லேந்து 111 வரைக்கும் வந்திருக்கு, இதை யாருமே எதிர்பாக்கல, ஏன்னா அமிலம் நொதியைக் கொன்னுடும்னுதானே பூச்சே கொண்டு வந்தாங்க. சாப்பாடு உள்ள இருக்கறப்ப வயித்துல அமிலத்தோட உக்கிரம் கொஞ்ச நேரம் குறையும், அதனால சாப்பாட்டோட போட்டா அதுக்குள்ள அது வேலையை முடிச்சுடுது. இதைப் படிச்சதுலேந்து பூச்சு மாத்திரைன்னா லேசா சாப்பிடற வேளைக்கும், சாதா மாத்திரைன்னா வயிறு நிறைய சாப்பிடற வேளைக்கும்னு வச்சுக்கிட்டேன்.

சரி, மாத்திரையே எதுக்கு, பூண்டையே சாப்பிட வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பச்சையா நசுக்கி முழுங்கிப் பாத்தேன், வெறும் வயித்துல ரெண்டு நாள், நெஞ்சு எரிஞ்சு மூணாவது நாள் விட்டுட்டேன். சமைச்சுச் சாப்பிட்டா முழுப் பல்லா வேக வச்சதுல 16 சதவீதம், சுட்டதுல 30, ஊறுகாயா போட்டதுல 19னு அதே ஆராய்ச்சியில வந்திருக்கு, சூடு நொதியைக் கொன்னுடுது. ஆனா ஒரு சின்ன வேலை பண்ணினா நிலைமை மாறும்: பூண்டை நசுக்கினதும் உடனே அடுப்புல போடாம பத்து நிமிஷம் அப்படியே விட்டுடணும். அந்தப் பத்து நிமிஷத்துல அலிசின் உருவாகி முடிஞ்சுடும், அப்புறம் சூடு பட்டாலும் பலன் முழுசா போகாது. இதை எல்லார் வீட்லயும் பண்ணலாம், மாத்திரையே தேவையில்ல. சமையல் ஆரம்பிக்கறப்ப முதல் வேலையா பூண்டைத் தட்டி ஓரமா வச்சுடுங்க, அவ்ளோதான்.

இந்த டப்பாவுல எனக்குக் குறைன்னு பட்டது, காலையில போட்டா பகல் முழுக்க வயிறு உப்புசமா இருந்துச்சு, காத்துப் பிரியும். பூண்டுல ஃப்ரக்டான்னு ஒரு மாவுச்சத்து இருக்கு, குடல் லேசா இருக்கறவங்களுக்கு, ஐபிஎஸ்னு சொல்ற குடல் எரிச்சல் பிரச்சனை இருக்கறவங்களுக்கு அது ஒத்துக்காது. ராத்திரிக்கு மாத்தினேன், குறைஞ்சுடுச்சு. வாசனைக்குப் பால் குடிச்சா குறையும், ஆப்பிள், புதினா கூட உதவும், ஆனா பூண்டு உள்ள போற அதே நேரத்துல சாப்பிட்டாத்தான், மறுநாள் காலையில புதினா மென்னு பிரயோஜனம் இல்ல. மார்க் அஞ்சுக்கு மூணரை.

மூணாவது டப்பா, முதிர வச்ச பூண்டுச் சாறு, ஏஜ்டு கார்லிக்னு போட்டிருப்பாங்க. மூணுலயும் இதுதான் விலை ஜாஸ்தி. பூண்டை நறுக்கி தண்ணியும் ஆல்கஹாலும் கலந்ததுல 20 மாசம் வரைக்கும் ஊற வைப்பாங்க. இவ்ளோ காலத்துல அலிசின் சுத்தமா போயிடும், காரம் போயிடும், அதுக்குப் பதிலா எஸ் அலைல் சிஸ்டீன்னு ஒண்ணு நிறைய உண்டாகும், அது தண்ணியில கரையும், நிலையா இருக்கும், ரத்தத்துலயும் நல்லா ஏறும். இதுக்கு மட்டும்தான் வாசனை இல்லாதது நியாயமான விஷயம். அதனால இதோட டப்பாவுல அலிசின்னு தேடாதீங்க, எஸ் அலைல் சிஸ்டீன் எத்தனை மில்லிகிராம்னு தேடுங்க, அந்த நம்பர் இல்லன்னா வாங்காதீங்க. பிபிக்கு உருப்படியான ஆராய்ச்சிங்க சிலது இந்த வகையிலதான் நடந்திருக்கு. ஆஸ்திரேலியாவுல கரின் ரீட்ங்கிறவங்க 2010ல வெளியிட்டதுல 50 பேரு, 12 வாரம், ஏற்கனவே பிபி மாத்திரை எடுத்தும் மேல் நம்பர் 140க்குக் குறையாம இருந்தவங்களுக்கு சராசரியா 10 புள்ளி கிட்ட குறைஞ்சுது. பல ஆராய்ச்சியைச் சேத்து வச்சுப் பாத்தவங்களும் பிபி அதிகமா இருக்கறவங்களுக்கு மேல் நம்பர் 8 புள்ளி கிட்ட இறங்குதுன்னு சொல்றாங்க. பிபி நார்மலா இருக்கறவங்களுக்குப் பெருசா ஒண்ணும் இறங்கறது இல்ல, அது நல்லதும் கூட. வயித்துக்கு மூணுலயும் இதுதான் சாது, ஒரு ஏப்பம் கூட வரல. மார்க் நாலு, விலை மட்டும் கொஞ்சம் குறைஞ்சா நாலரை.

எனக்கு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. மூணு மாசத்துல 132க்கு 84, எட்டாவது மாசம் 128க்கு 82. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அதே எட்டு மாசமும் நான் தினமும் நாப்பது நிமிஷம் நடந்திருக்கேன், உப்பைப் பாதியா குறைச்சிருக்கேன், மூணு கிலோ இறங்கியிருக்கேன். இதுல பூண்டோட பங்கு எவ்ளோன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது, "பூண்டு மாத்திரையால என் பிபி குறைஞ்சுடுச்சு"ன்னு எழுதினா அதைப் படிச்சுட்டு யாராவது டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திட்டா அந்தப் பாவம் எனக்கு வேணாம். கெட்ட கொலஸ்ட்ரால், எல்டிஎல், 142ல இருந்து 139, அதை இறங்குச்சுன்னே சொல்லக்கூடாது. இதுல ஆச்சரியமும் இல்ல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல கார்ட்னர்னு ஒருத்தர் தலைமையில எல்டிஎல் ஓரளவு அதிகமா இருந்த 192 பேரை ஆறு மாசம் வச்சுப் பாத்தாங்க, ஒரு குரூப்புக்குப் பச்சைப் பூண்டு, ஒரு குரூப்புக்குப் பொடி மாத்திரை, ஒரு குரூப்புக்கு முதிர வச்ச சாறு, ஒரு குரூப்புக்கு மருந்தே இல்லாத டம்மி. 2007ல ரிசல்ட் வந்துச்சு, எதுலயும் எல்டிஎல் குறையல. வேற சில ஆராய்ச்சியில கொஞ்சம் குறைஞ்சதா வந்திருக்கு, ஆனா கொலஸ்ட்ராலுக்காக மட்டும் வாங்கறதா இருந்தா நான் வேணாம்னுதான் சொல்லுவேன்.

சளிக்கு, எட்டு மாசத்துல எனக்கு ரெண்டு தடவை பிடிச்சுது, வழக்கமா பிடிக்கறதும் அவ்ளோதான். இதைப் பத்தி எல்லாரும் தூக்கிக் காட்டறது 2001ல வந்த ஒரே ஒரு ஆராய்ச்சி, 146 பேரு, 12 வாரம், அலிசின் மாத்திரை எடுத்தவங்களுக்கு மொத்தம் 24 சளி, டம்மி எடுத்தவங்களுக்கு 65. வித்தியாசம் பெருசுதான், ஆனா மருத்துவ ஆராய்ச்சிகளைச் சேத்து எடை போடற காக்ரேன் குழு இதுவரை வந்ததை எல்லாம் அலசினப்ப தேறினது இந்த ஒண்ணு மட்டும்தான், இதை வச்சு முடிவு சொல்ல முடியாதுன்னுட்டாங்க.

இப்ப எழுதப் போறதுதான் நான் இந்த ரிவ்யூ எழுத உக்காந்ததுக்கே காரணம். ரெண்டாவது டப்பா எனக்குப் பிடிச்சுப் போனதால இன்னொண்ணு வாங்கி அப்பாவுக்குக் குடுத்துட்டு வந்தேன். அப்பாவுக்கு இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு, ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் தினமும் எடுக்கறாரு. "இயற்கையானதுப்பா, இதயத்துக்கு நல்லது"ன்னு சொல்லித்தான் குடுத்தேன், நானே என் வாயால சொன்னேன். அது நடந்து மூணு வாரம் இருக்கும், எனக்கு ஒரு கடவாப்பல் எடுக்க வேண்டி வந்துச்சு. பல் டாக்டர் முன்னாடியே கேட்டாங்க, "ஏதாவது மாத்திரை எடுக்கறீங்களா?"ன்னு. இல்லன்னு சொன்னேன். பூண்டை மாத்திரைன்னே நான் நினைக்கல. பல்லை எடுத்தப்புறம் பஞ்சைக் கடிச்சுட்டு உக்காந்தேன், அரை மணி நேரத்துல நிக்க வேண்டிய ரத்தம் ரெண்டு மணி நேரம் ஆகியும் கசிஞ்சுட்டே இருந்துச்சு, பஞ்சு மாத்தி மாத்தி கடைசியில தையல் போட்டாங்க. அப்ப திரும்பவும் கேட்டாங்க, "சப்ளிமென்ட் ஏதாவது? மீன் எண்ணெய், பூண்டு, அந்த மாதிரி?" அப்பதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. பூண்டுதான் காரணம்னு அவங்களும் அடிச்சுச் சொல்லல, வேர் சிக்கலா இருந்துச்சுன்னும் சொன்னாங்க. ஆனா பூண்டுல இருந்து வர்ற அஜோயீன் மாதிரி பொருளுங்க ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதைத் தடுக்கும், அறுவை சிகிச்சைக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடியே பூண்டு மாத்திரையை நிறுத்தணும், பல் எடுக்கறதுக்கு முன்னாடியும் கட்டாயம் சொல்லணும்னு பொறுமையா எடுத்துச் சொன்னாங்க.

அவங்க பேசிட்டு இருக்கறப்பவே எனக்கு அப்பா ஞாபகம் வந்து கை நடுங்குது. ஏற்கனவே ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை எடுக்கறவர் கையில மூணாவதா ஒண்ணைக் குடுத்துட்டு வந்திருக்கேன். வாயில பஞ்சோடயே போன் பண்ணினேன். "அப்பா, அந்தப் பூண்டு மாத்திரை எத்தனை போட்டீங்க?" அப்பா சொன்னாரு, "அதை நான் இன்னும் திறக்கவே இல்லம்மா. என் மாத்திரை வாங்கப் போனப்ப கடையில அந்தத் தம்பிகிட்ட காட்டிக் கேட்டேன். ஐயா, நீங்க எடுக்கற மாத்திரையோட இதைச் சேக்கக்கூடாது, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கன்னாரு. நீ ஆசையா வாங்கிட்டு வந்தே, சொன்னா வருத்தப்படுவியேன்னு சொல்லல." அதுக்கப்புறம் நான் எதுவும் பேசல, பேசவும் வரல. அந்தத் தம்பிக்கு நான் நேர்ல போய் நன்றி சொல்லிட்டு வந்தேன்.

அதனால, வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க தயவுசெஞ்சு டாக்டரைக் கேக்காம இதைத் தொடாதீங்க. சமையல்ல போடற பூண்டுக்குப் பயப்பட வேணாம், மாத்திரை அளவுதான் வேற. ஹெச்ஐவி மருந்தான சாக்வினவிரை நோய் இல்லாதவங்களுக்குக் குடுத்து, கூடவே பூண்டு கேப்சூலும் சேத்துக் குடுத்தப்ப ரத்தத்துல அந்த மருந்தோட அளவு பாதியா இறங்கிடுச்சுன்னு 2002ல வந்த ஆராய்ச்சி சொல்லுது, இயற்கையானது ஒண்ணும் பண்ணாதுங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியல. பிபி மாத்திரை எடுக்கறவங்களும் சொல்லிட்டுச் செய்யுங்க, ரெண்டும் சேந்து ரொம்ப இறக்கிடலாம். வீட்ல நாய், பூனை இருந்தா டப்பாவை எட்டாத உயரத்துல வைங்க, பூண்டு அதுங்களோட ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சுடும், பூனைக்குக் கொஞ்சம் போனாலே ஆபத்து.

மாத்திரை விலை கட்டுப்படி ஆகலன்னு வீட்லயே பூண்டை எண்ணெயில ஊற வச்சு பாட்டில்ல வச்சுக்கிறவங்களும் இருக்காங்க, அதுக்கும் ஒண்ணு சொல்லிடறேன். எண்ணெய்க்குள்ள காத்து போகாது, பூண்டு மண்ணுக்கடியில விளையறது, அதுல ஒட்டி வர்ற போட்டுலிசம் கிருமிக்கு காத்து இல்லாத இடம்தான் சொர்க்கம். 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரு ஹோட்டல்ல எண்ணெயில போட்ட பூண்டை வெளியவே வச்சிருந்து 36 பேருக்கு போட்டுலிசம் வந்துச்சு, நரம்பு செயலிழந்து போற விஷம் அது. பண்றதா இருந்தா ஃபிரிட்ஜ்ல வச்சு சில நாள்லயே தீத்துடுங்க, வெளிய வைக்கவே வைக்காதீங்க.

பச்சைப் பூண்டை நசுக்கி தோல்ல, பல்லு வலிக்கற இடத்துல வச்சுக் கட்டறதும் வேணாம், தோல் வெந்து கொப்புளம் வரும், என் தங்கச்சிக்குக் கால்ல வந்து ஆற ரெண்டு வாரம் ஆச்சு.

இப்ப நான் என்ன எடுக்கறேன்னா, அப்பா திறக்காம வச்சிருந்த அந்த டப்பாவைத்தான், ராத்திரி ஒண்ணு, இன்னும் 40 மாத்திரை இருக்கு. போன்ல மருந்து லிஸ்ட்ல பூண்டு மாத்திரைன்னு ஒரு வரி சேத்துட்டேன், எந்த டாக்டர்கிட்ட போனாலும் அதைத்தான் முதல்ல காட்டறேன். இந்த 40 முடிஞ்சதும் ஒரு மாசம் முழுசா நிறுத்தப் போறேன், நடையும் உப்பும் இப்ப இருக்கற மாதிரியே, பூண்டு மாத்திரை மட்டும் கிடையாது, தினமும் காலையில ஒரே நேரத்துல பிபி பாத்து நோட்டுல எழுதப் போறேன். நம்பர் ஏறுச்சா அப்படியே இருந்துச்சான்னு இதுக்குக் கீழேயே வந்து போடறேன்.